ஏரிக்கரைக்கு மீண்டும் செல்லலாமா?

வீடு திரும்பும் நாளில் நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. மாத்திரையை உணவுக்கு முன் உட்கொள்வதா, பின் உட்கொள்வதா? எப்போது தலைக்குக் குளிக்கலாம்? எப்போது வண்டி ஓட்டலாம்? இவற்றிற்கெல்லாம் விடை எழுதிய தாளை நாங்கள் கொடுத்தனுப்புகிறோம். ஆனால் பையைக் கையிலெடுத்து வாசல்வரை சென்றபின், திரும்பி நின்று, சற்றே கூச்சத்துடன் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதற்கு அத்தாளில் விடை இல்லை. "ஏரிக்குப் போய்த் தூண்டில் போடலாமா?" என்பதே அக்கேள்வி.

சென்னையின் புறநகரில் வாழ்வோருக்கு இது வியப்பூட்டும் கேள்வியன்று. ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிகள் பலவற்றைச் சுற்றித்தான் இன்றைய குடியிருப்புகள் எழுந்துள்ளன. சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், போரூர், கொரட்டூர் என ஊர்ப்பெயரைச் சொன்னாலே ஏரியும் நினைவுக்கு வரும். பாசனத்திற்காக வெட்டப்பட்ட இவ்வேரிகளில் இன்று பாசனம் அநேகமாக இல்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், கரையோரம் மூங்கில் கழியும் மண்புழு நிறைந்த சிரட்டையுமாய் அமர்ந்திருப்போரை இன்றும் காணலாம். பணி ஓய்வு பெற்றோர், இரவுப் பணி முடித்தோர், விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்து வந்தோர் எனப் பலதரத்தாரும் அவர்களுள் உண்டு. நீரில் மிதக்கும் தக்கை அசைகிறதா என்று பார்த்திருக்கும் அந்த ஓரிரு மணி நேரமே அவர்களுக்கு வாரத்தின் ஓய்வு.

நோயுற்றபின் அந்த ஓய்வு முதலில் பறிபோகிறது. அதைத் திரும்பப் பெறும் வழியைப் பற்றியே இக்கட்டுரை.

கேட்காமல் சென்றவர்

அறுபதைக் கடந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் நீண்டகால நீரிழிவு நோயாளி. பாதப்புண்ணால் கால்விரல் ஒன்றை முன்னரே இழந்தவர். அவ்வறுவை சிகிச்சைக்குப்பின் வீட்டார் அவருடைய தூண்டிலை எடுத்து அண்டை வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டனர். அன்பினால் செய்த செயல்தான் அது. அவரும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து வேறொரு மூங்கில் கழியை வாங்கித் தேநீர்க்கடை ஒன்றில் மறைத்து வைத்தார். காலை நடைப்பயிற்சி என்று சொல்லிப் புறப்பட்டவர், வாரத்தில் இரண்டு நாள் ஏரிக்கரைக்குச் சென்று வந்தார்.

ஒருநாள் கரையோரச் சேற்றில் எவரோ பிடித்து எறிந்த கெளுத்தியின் முள் அவர் பாதத்தில் ஏறியது. நரம்புகள் உணர்விழந்திருந்த பாதம் என்பதால் அவருக்கு வலிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சிவப்பைக் கண்டபோதும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஏரிக்குச் சென்றது தெரிந்துவிடும் அல்லவா? ஒன்பதாம் நாள் காய்ச்சலும் பாத வீக்கமுமாய் எங்களிடம் வந்தார். இருமுறை அறுவை சிகிச்சை செய்து பாதத்தைக் காப்பாற்ற முடிந்தது.

வெறுங்காலுடன் சேற்றில் இறங்கியது ஏன் என்று அவரிடம் கேட்டோம். "செருப்பில் சேறு பட்டால் வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்றார். எங்களிடமாவது முன்பே கேட்டிருக்கலாமே என்றோம். "கேட்டால் கூடாது என்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை" என்றார்.

அந்த விடை எங்களைச் சிந்திக்க வைத்தது. அவர் பாதத்தைப் புண்படுத்தியது முள். ஆனால் அதை ஒன்பது நாள் வளரவிட்டது மறைவு. அந்த மறைவுக்கு வீட்டாரும் நாங்களும் ஒருவகையில் காரணம். தடையை மட்டும் சொல்லி வழியைச் சொல்லாமல் விட்டதே எங்கள் பிழை.

யார் காத்திருக்க வேண்டும்?

ஏரிக்கரையில் அமர்ந்து தூண்டில் போடுவது பெரும்பாலான நோயாளிகளுக்கு முற்றிலும் விலக்கப்பட்ட செயலன்று. எனினும் சிலர் சில காலம் காத்திருந்தே ஆக வேண்டும்.

நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டோருக்கு அவ்வெலும்பு கூடிவர ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அதுவரை பளு தூக்குவதும், கையை வீசித் தூண்டில் எறிவதும் கூடாது. பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டோர் அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாதிருக்க வேண்டிய காலம் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், கண்ணில் ஏரிநீர் தெறிக்கக்கூடும் என்பதால், கண் மருத்துவர் அனுமதிக்கும்வரை கரைப்பக்கம் செல்லலாகாது.

கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப்பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், உடலில் சிகிச்சைக்குழாய் பொருத்தப்பட்டோர் ஆகியோர் ஏரிநீரையும் சேற்றையும் புழுவையும் மீனையும் கையால் தொடுவதைத் தவிர்க்க வேண்டும். நன்னீரில் வாழும் ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் சிறு கீறல் வழியே புகுந்து இவர்களுக்கு விரைந்து பரவும் தொற்றை உண்டாக்கக்கூடும். மருத்துவர் இசைந்தால், சற்று எட்ட நாற்காலியிட்டு அமர்ந்து, தூண்டிலை மற்றொருவர் கையில் கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

ஆறாத புண் உடலின் எப்பகுதியில் இருந்தாலும் அது ஆறும்வரை பொறுத்திருங்கள். வலிப்பு நோய் உள்ளோரும், அடிக்கடி மயக்கம் வருவோரும் நீரருகே ஒருபோதும் தனியே செல்லக்கூடாது.

கால், கை, முள்

நீரிழிவு நோயாளிகள் மூடிய காலணியின்றிக் கரையில் கால் வைக்க வேண்டாம். அணியுமுன் காலணிக்குள் கைவிட்டுப் பாருங்கள். உடைந்த கண்ணாடி, அறுந்த தூண்டில் முள், மீன் முள் ஆகிய மூன்றும் புறநகர் ஏரிக்கரைகளில் எங்கும் கிடக்கின்றன. வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிந்து பார்க்க இயலாதோர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். வலி இல்லை என்பதைக் காயம் இல்லை என்று கொள்ளாதீர்கள்.

கெளுத்தியின் முதுகுத் துடுப்பிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் கூரிய முட்கள் உண்டு. தேளி மீனின் முள்ளில் நஞ்சும் உண்டு. குத்தினால் கடும் வலியும் வீக்கமும் தோன்றும். காயத்தைத் தூய நீரில் கழுவி, பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வெந்நீரின் சூட்டைக் காயம்பட்டவர் பார்க்கக்கூடாது. உடனிருப்பவர் தம் கையால் பார்க்க வேண்டும். கால் கைகளில் உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளிகள் இம்முறையைக் கையாளாமல் நேரே மருத்துவமனைக்கு வருவதே நன்று. வெந்நீர்ப் புண்ணோடு வந்தவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தூண்டில் முள் சதையில் ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள். அதன் நுனியிலுள்ள எதிர்முள் சதையைக் கிழித்துக்கொண்டே வெளிவரும். நரம்பை அறுத்துவிட்டு, முள் அசையாதபடி துணியால் கட்டிக்கொண்டு வாருங்கள். கண்ணில் பட்டிருந்தால் தொடவும் அழுத்தவும் வேண்டாம். கண்ணின் மேல் படாதவாறு ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து ஒட்டி, உடனே அழைத்து வாருங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குச் சிறு கிழிசலிலும் இரத்தம் நிற்க நேரமாகும். சுத்தமான துணியால் இடைவிடாமல் 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சேறு பட்ட காயம் எதுவாயினும், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் ஊசி தேவைப்படலாம்.

ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்தும் வழக்கத்தை விட்டொழியுங்கள். ஈயம் உடலில் சேரும் நஞ்சு. குழந்தைகளுக்கு அது மேலும் தீங்கானது. ஈயக்குண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடுங்கள்.

வெயிலும் மருந்தும்

மீன் நன்றாக இரையெடுப்பது விடியலிலும் மாலையிலும்தான். நோயாளிக்கு ஏற்ற நேரமும் அதுவே. டாக்சிசைக்ளின், அமியோடரோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மருந்துகளை உட்கொள்வோரின் தோல் வெயிலில் எளிதில் பாதிக்கப்படும். முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அணியுங்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர் வெயிலில் நீரிழந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும். கரைச் சரிவில் விழுந்தால் அடுத்தது நீர்தான். இதய நோயாலும் சிறுநீரக நோயாலும் நீர் அளவு குறிக்கப்பட்டோர், வெயில் நாளில் எவ்வளவு அருந்தலாம் என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும்.

இன்சுலின் போடுவோர் காலை உணவைத் தள்ளிப்போட்டுக் கரையில் அமர்தல் கூடாது. தக்கையைப் பார்த்திருக்கையில் பசியும் படபடப்பும் தெரியாமலே இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் வைத்தால் வீரியம் கெடும். பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைத்தாலும் கெடும்.

இடி கேட்டவுடன் எழுந்துவிடுங்கள். இக்காலத்துக் கார்பன் இழைத் தூண்டில்கள் மின்சாரத்தைக் கடத்துபவை. கரையை ஒட்டி மின்கம்பி செல்லும் இடங்களிலும் அவற்றை உயர்த்துதல் ஆகாது.

நீரின் ஆழம்

புறநகர் ஏரிகளில் மண் அள்ளிய பள்ளங்கள் பல உண்டு. முழங்காலளவு நீரில் நடந்து செல்பவர் அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் இறங்கிவிடுவார். சிக்கிய முள்ளை எடுக்க நீரில் இறங்காதீர்கள். ஒரு முள்ளின் விலை சில ரூபாய்தான். அறுத்துவிட்டு வேறு கட்டுங்கள். எவரேனும் மூழ்கினால், நீந்தத் தெரியாதவர் பின்னே குதிக்க வேண்டாம். கயிறோ, நீண்ட கழியோ, மூடிய காலிக் கேனோ எறிந்து உதவுங்கள். பிறரைக் கூவியழைத்து, 108-ஐத் தொலைபேசியில் அழையுங்கள்.

ஏரியில் மீன்பிடி உரிமை பல இடங்களில் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குடிநீர் ஏரிகளில் கட்டுப்பாடுகளும் இருக்கும். கேட்டறிந்து அமருங்கள். கரையில் எழும் சச்சரவு இதய நோயாளிக்கு நல்லதன்று.

பின்னர் வரும் காய்ச்சல்

எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் தோலின் கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலுக்குள் கிருமியைச் செலுத்துவதால் வருவது எலிக்காய்ச்சல். மழைக்குப்பின் இதன் அச்சம் மிகுதி. நீரில் கால் வைத்த 2 முதல் 30 நாட்களுக்குள், பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள், குளிர்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் சதையில் கடும் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றும். தொடக்கத்திலேயே கண்டால் எளிய மருந்துகளால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதுபடலாம்.

இங்கும் மறைத்தலே பகை. காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் மருத்துவர் வேறு நோய்களையே முதலில் நினைப்பார். "பத்து நாளைக்கு முன் ஏரியில் கால் நனைத்தேன்" என்ற ஒரு வாக்கியம் நோயறிதலின் திசையையே மாற்றும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பிடித்த மீனை உண்ணலாமா?

நம் புறநகர் ஏரிகளில் மிகுதியாகக் கிடைப்பது ஜிலேபிக் கெண்டை. 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், முட்டைகளைத் தாய் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் எங்கும் பெருகிவிட்டது. கழிவுநீரையும் தாங்கி வாழக்கூடியது. அதனால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கழிவுநீர்க் கால்வாய் கலக்கும் ஏரி, நுரை பொங்கும் ஏரி, பச்சை வண்ணம் கரைத்தாற்போல் பாசி படர்ந்த ஏரி ஆகியவற்றின் மீனைச் சமைக்காதீர்கள். பிடித்ததை நீரிலேயே விட்டுவிடுங்கள். செத்து மிதக்கும் மீனை ஒருபோதும் எடுக்காதீர்கள். நீர் தெளிவான ஏரியின் மீனாயினும் குடல், ஈரல், செவுள்களை முற்றிலும் நீக்கி, நன்றாக வேகவைத்து உண்ணுங்கள். உலோக நஞ்சுகள் சதையைக் காட்டிலும் இவ்வுறுப்புகளில் மிகுதியாகத் தங்கும்.

நோயிலிருந்து எழுந்தோருக்கு விரால் குழம்பு வைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. விராலில் நல்ல புரதம் இருப்பது உண்மை. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது. டயாலிசிஸ் பெறுவோருக்கும் மீன் ஏற்றதே. ஆனால் புளியும் தக்காளியும் சேர்ந்த குழம்பில் பொட்டாசியம் மிகுதி, உப்பும் மிகுதி. குழம்பு நீர் அன்றைய நீர்க்கணக்கில் சேரும். குறைந்த எண்ணெயில் வறுத்த துண்டே அவர்களுக்கு ஏற்றது. அளவை உணவியல் வல்லுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விராலைப் பற்றி இன்னொன்று. குஞ்சுகள் பந்தாய்த் திரளும் காலத்தில் தாய் தந்தை இரண்டும் அவற்றின் அடியிலேயே காவல் நிற்கும். கரைக்காரர்கள் அதைக் கண்டால் தூண்டிலை எடுத்துவிடுவது நல்ல பழக்கம். தாயைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் விழுங்கிவிடும்.

உடனிருந்து காப்போருக்கு

நோயாளியைக் காக்கும் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதை நாங்கள் அறிவோம். இரவு பகலாய் விழித்திருந்து மீட்ட உயிரை, ஒரு தூண்டிலுக்காக மீண்டும் இடருக்கு உள்ளாக்க எவருக்கும் மனம் வராது. அதனால்தான் தூண்டிலை ஒளித்துவைக்கிறீர்கள். ஆனால் ஒளித்துவைத்த தூண்டிலுக்குப் பதிலாக வேறொரு தூண்டில் வந்துவிடுகிறது. நீங்கள் அறியாத இடத்தில், நீங்கள் அறியாத நேரத்தில், துணையின்றி அது நீரில் இறங்குகிறது.

அதைவிட, நீங்களே உடன் செல்லுங்கள். வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம் போதும். மடக்கு நாற்காலி ஒன்று, குடிநீர், மருந்துப்பை, தொலைபேசி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளமான, நிழலுள்ள, வண்டி வரக்கூடிய கரையைத் தேர்ந்தெடுங்கள். கரையில் நோயைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. எதையுமே பேச வேண்டியதில்லை. மருத்துவமனை நாட்களில் உங்களுக்கும் ஓய்வு கிடைத்திருக்காது. அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கும் உரியது.

தொடக்கத்தில் சொன்ன பெரியவரின் புண் ஆறியபின், பாத சிகிச்சைப் பிரிவுக்கு அவரும் மகளும் சேர்ந்து வந்தனர். மகள்தான் முதலில் பேசினார். "அப்பா ஏரிக்குப் போக வேண்டும் என்கிறார். போகலாமா என்று நான் கேட்கவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார். அவருக்கேற்ற காலணியை அளவெடுத்துச் செய்யச் சொன்னோம். எந்த நேரம், எவ்வளவு நேரம், திரும்பியதும் பாதத்தை யார் பார்ப்பது என்பவற்றையும் எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது வரியைப் படித்தபின் "நான் பார்க்கிறேன்" என்றார் மகள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உங்களுக்கும் அப்படியொரு தாள் வேண்டுமென்றால், அடுத்த முறை வரும்போது இந்நான்கு கேள்விகளை எங்களிடம் கேளுங்கள். நான் எப்போதிலிருந்து செல்லலாம்? எவற்றைச் செய்யக்கூடாது? என் மருந்துகளில் எது வெயிலிலோ காயத்திலோ தொல்லை தரும்? எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்? கூச்சம் வேண்டாம். வாசல்வரை சென்று திரும்பவும் வேண்டாம். கட்டிலில் இருக்கும்போதே கேளுங்கள். "இப்போது வேண்டாம்" என்று நாங்கள் சொல்ல நேரலாம். அப்போது எதுவரை வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.